மன்னிப்புப் பெற்றவர் தட்டவேண்டிய கதவு



ஆண்டுதோறும் யூலை மாதம் 2ஆம் திகதி கொண்டாடப்படும் மருதமடு அன்னையின் திருவிழாவுக்காக, நாட்டின் பல பாகங்களிலுமிருந்து நம் குடும்பங்கள் மடுத் திருப்பதியை நாடிச் செல்கின்றன. நவநாட்களிலே அங்கு மனத்தைத் தொடுகின்ற காட்சிகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று, ஒப்புரவு அருட்சாதனத்தைப் பெறுவதற்காக மரநிழலிலே காத்துநிற்கும் மக்களின் நீண்ட வரிசையாகும். ஊன்றுகோலோடு வந்த முதியவர், குழந்தையைத் தோளில் சாய்த்த தாய், இதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றை இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்போடு நிற்கும் இளைஞன் என எல்லோரும் அவ்வரிசையில் உள்ளனர். சொந்தப் பங்கிலே பங்குத்தந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்பட்டு, தம்மை அறியாத குருவானவர் ஒருவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று வருவோரும் உளர். அதில் தவறேதும் இல்லை. இறைவனின் இரக்கத்தைத் தேடி அன்னையின் இல்லத்துக்கு வரும் எவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

ஆயினும் அவ்வரிசையைக் காணும் ஒவ்வொரு முறையும் என் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. திருவிழா முடிந்து, பஸ் வண்டி ஏறி, வீடு போய்ச் சேர்ந்த பின் என்ன நிகழ்கின்றது? பத்து ஆண்டுகளாகப் பேசாத அண்ணனின் வாசலை நம் கால்கள் மிதிக்கின்றனவா? அடைவு வைத்துவிட்டு மீட்டுக் கொடுக்காத அக்காவின் நகைக்கு ஒரு வழி பிறக்கின்றதா? நம் நாவினால் கெட்டுப்போன ஒருவருடைய பெயரைச் சீர்ப்படுத்த முயல்கின்றோமா? அல்லது, ‘இறைவனே மன்னித்துவிட்டார், இனி நான் யாரிடம் போய்ப் பணிய வேண்டும்?’ என்று எண்ணி அடுத்த திருவிழா வரை நிம்மதியாக இருந்துவிடுகின்றோமா?

இக்கேள்விக்கு விடை காண்பதற்கு ஒருவரது வாழ்க்கையை எடுத்து நோக்குவது நல்லது. ஆனால் ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்ட எதனையும் வெளியே சொல்லவோ எழுதவோ எந்தக் குருவானவருக்கும் உரிமை இல்லை. அம்முத்திரை எக்காரணத்துக்காகவும் உடைக்கப்பட முடியாதது. எனவே, தன் பாவத்தைத் தானே உலகறிய ஏற்றுக்கொண்ட ஒரு மனிதரின் வாழ்வை இன்று நாம் சிந்திப்போம். மடுத் திருவிழா முடிந்து நான்கு நாட்களின் பின், யூலை 6ஆம் திகதி, கன்னியும் மறைசாட்சியுமான புனித மரியா கொறற்றியைத் திருச்சபை நினைவுகூருகின்றது. நாம் நோக்கவிருப்பது அவரைக் கொலை செய்த அலெசாந்திரோ செரனெல்லியின் வாழ்வையே.

சட்டை தைத்துக்கொண்டிருந்த சிறுமி

இத்தாலி நாட்டின் கொரினால்டோ என்னும் ஊரைச் சேர்ந்த கொறற்றி குடும்பம் மிகவும் ஏழ்மையான விவசாயக் குடும்பமாகும். பிழைப்பைத் தேடி அவர்கள் உரோமைக்குத் தெற்கேயுள்ள சதுப்புநிலப் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். நெத்தூனோ நகருக்கு அண்மையில் உள்ள லெ பெரியேரே என்ற இடத்தில், செரனெல்லி குடும்பத்தோடு ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழ்ந்தனர். 1900ஆம் ஆண்டிலே குடும்பத் தலைவர் லூயிஜி மலேரியாக் காய்ச்சலால் இறந்துபோனார். கைம்பெண்ணான அசுந்தா, பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக வயலில் ஆண்களைப் போல உழைத்தார். சமையலும் வீட்டுப் பொறுப்பும் தங்கை தம்பிமாரைப் பார்க்கும் கடமையும் சிறுமி மரியாவின் தலையில் விழுந்தன.

1902ஆம் ஆண்டு யூலை 5ஆம் திகதி தாயும் மற்றையோரும் முற்றத்திலே வேலையாக இருந்த வேளை, மரியா மாடிப்படியின் மேலே அமர்ந்து தையல் வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் தைத்துக்கொண்டிருந்தது அலெசாந்திரோவின் சட்டையையே. அவளுக்கு வயது 11. அவனுக்கு வயது 20. தீய எண்ணத்தோடு வந்த அவன் அவளைப் பலவந்தப்படுத்த முயன்றான். அது பாவம் என்று சொல்லி அவள் எதிர்த்தபோது, கூரிய ஆயுதத்தினால் 14 தடவை குத்தினான். நெத்தூனோ மருத்துவமனையிலே மறுநாள், யூலை 6ஆம் திகதி, மரியா உயிர் துறந்தாள். இறப்பதற்கு முன் அவள் தன்னைக் கொன்றவனை மன்னித்ததோடு, அவனும் தன்னோடு விண்ணகத்தில் இருக்க வேண்டும் என்று விரும்பினாள்.

அன்பார்ந்தவர்களே, பலவந்தத்துக்கு ஆளாகி உயிர் பிழைத்த எந்தப் பெண்ணும் குற்றவாளி அல்லள். இறைவனின் திருமுன் அவளது மாண்பு சிறிதும் குறைந்ததன்று. மரியாவின் வாழ்வைக் காட்டி அத்தகைய சகோதரிகளின் புண்ணிலே வேல் பாய்ச்சுவது அப்புனிதைக்கே செய்யும் அநீதியாகும். குற்றம் முழுவதும் ஆயுதம் ஏந்தியவனையே சாரும். அந்தக் குற்றவாளிக்கு என்ன நேர்ந்தது என்பதை இனிப் பார்ப்போம்.

சிறைக்குள் வந்து சேர்ந்த மன்னிப்பு

நீதிமன்றம் அலெசாந்திரோவுக்கு 30 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அக்கால இத்தாலியச் சட்டப்படி 21 வயதை எட்டாதவனாக இருந்தமையால், ஆயுட்கால சிறைத்தண்டனையிலிருந்து தப்பினான். ஆனால் சிறையின் முதல் ஆண்டுகளிலே அவன் உள்ளம் கல்லாகவே இருந்தது. எவரோடும் பேச விரும்பாத, தன் செயலுக்காக வருந்தாத மனிதனாகவே நாட்களைக் கழித்தான்.

சில ஆண்டுகளின் பின் சிசிலித் தீவைச் சேர்ந்த நோட்டோ மறைமாவட்டத்தின் ஆயர் பிளாந்தினி அவனைச் சிறையிலே சந்தித்தார். அக்காலத்தில் அவன் ஒரு கனவும் கண்டான். தோட்டமொன்றிலே மரியா லீலி மலர்களைப் பறித்து அவனிடம் நீட்டுவதாக அக்கனவு அமைந்தது. அதன் பின் அவன் உள்ளம் உடைந்தது. தான் செய்ததன் கொடுமையை உணர்ந்து, ஆயருக்கு மடல் எழுதி, இறைவனிடம் மன்னிப்பு வேண்டினான்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மரியா அவனை மன்னித்தது எப்போது? 1902ஆம் ஆண்டு யூலை 6ஆம் திகதி. அவன் அம்மன்னிப்பைத் தன் உள்ளத்தில் ஏற்றுக்கொண்டது எப்போது? பல ஆண்டுகளின் பின். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்த அந்த ஆண்டுகளிலெல்லாம் மன்னிப்பு அவனுக்காகக் காத்திருந்தது. அவன் அழுததனால் அது பிறக்கவில்லை; அது முன்பே பிறந்திருந்ததனாலேயே அவனால் அழ முடிந்தது.

இறைவனின் இரக்கமும் இத்தகையதே. நாம் பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக உயிர் கொடுத்தார் என்று திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்திலே (5:8) கற்பிக்கின்றார். ஊதாரி மைந்தன் உவமையிலே (லூக்கா 15:11-32), மகன் தான் மனப்பாடம் செய்துவந்த வார்த்தைகளைச் சொல்லி முடிக்கு முன்னரே, தூரத்தில் அவனைக் கண்ட தந்தை ஓடிவந்து அணைத்துக்கொள்கின்றார். கீழைத்தேயக் குடும்பமொன்றிலே மூத்தவர் ஒருவர் இளையவனை நோக்கித் தெருவில் ஓடுவது வழக்கமன்று. மகன் திரும்பி வருவதுதான் பெரிது என்று கருதித் தம் கௌரவத்தை அத்தந்தை ஒதுக்கிவைத்தார். நம் விண்ணகத் தந்தை எப்படிப்பட்டவர் என்பதை இயேசு இவ்வாறே நமக்குக் காட்டினார்.

முதலாவது கதவு

மனமாற்றத்தைக் குறிக்க எபிரேய மொழியில் வழங்கும் ‘சூப்’ என்னும் சொல்லுக்குத் திரும்பிவருதல் என்பது பொருள். கிரேக்க மொழியிலுள்ள ‘மெத்தனோயா’ என்னும் சொல், உள்ளத்தின் எண்ணப்போக்கே மாறிவிடுவதைக் குறிக்கின்றது. உள்ளம் மாற வேண்டும், கால்களும் திரும்பி நடக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்ததே மனமாற்றமாகும்.

திரும்பி நடப்பவர் முதலில் தட்டவேண்டியது இறைவனின் கதவு. இதைத் தட்டத் தயங்குவோர் நம்மிடையே பலர் இருக்கின்றனர். ‘என் பாவம் மிகப் பெரியது, எனக்கு மன்னிப்புக் கிடையாது’ என்று எண்ணி, இருபது முப்பது ஆண்டுகளாக நற்கருணை உட்கொள்ளாமல் ஆலயத்தின் கடைசி வாங்கிலே அமர்ந்திருப்போரை நான் அறிவேன். மனைவியும் பிள்ளைகளும் எழுந்து நற்கருணைப் பந்திக்குச் செல்லும்போது, அவர்கள் மட்டும் தலைகுனிந்து இருந்துவிடுவார்கள். அவர்களுக்காகவே இந்தப் பகுதியை எழுதுகின்றேன்.

ஆண்டவரின் பாடுகளின் இரவிலே அவரது சீடர்கள் இருவர் தவறிழைத்தனர். யூதாசு காட்டிக்கொடுத்தான், பேதுரு மறுதலித்தார். இருவருமே பின்னர் வருந்தினர். யூதாசு முப்பது வெள்ளிக் காசுகளைத் திருப்பிக் கொடுக்கவும் சென்றான் (மத்தேயு 27:3-5). ஆனால் அவன் சென்றது தலைமைக் குருக்களிடம். அவர்களோ, அது உன் பாடு என்று கூறி அவனைக் கைவிட்டனர். இரக்கமில்லாத வாசலில் நின்றவனுக்கு நம்பிக்கை அற்றுப்போயிற்று. அவனது இறுதி நிலை என்னவென்று தீர்ப்பிட நமக்கு அதிகாரம் இல்லை. இறைவனின் இரக்கத்தின் ஆழத்தை நாம் அளந்தவர்கள் அல்லர். ஆனால் அவன் இயேசுவிடமே சென்றிருந்தால் எத்துணை நன்றாயிருந்திருக்கும்!

பேதுருவைப் பாருங்கள். மனம் கசந்து அழுத பின்னும் அவர் சீடர்களின் கூட்டத்தை விட்டு ஓடிவிடவில்லை. உயிர்த்த ஆண்டவர் கடற்கரையிலே கரிநெருப்பு மூட்டி அவருக்காகக் காத்திருந்தார் (யோவான் 21:9). பேதுரு மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் அருகிலேயே என்பதை அதே நற்செய்தி நமக்குச் சொல்லியிருக்கின்றது (யோவான் 18:18). விழுந்த இடத்தை நினைவூட்டும் நெருப்பின் அருகே அவரை அமர்த்தி, மூன்று தடவை மறுதலித்த வாயினாலேயே மூன்று தடவை அன்பை அறிக்கையிடச் செய்தார் ஆண்டவர். அதற்கு முன் காலை உணவு ஆயத்தமாயிருந்தது என்பதையும் மறவாதீர்கள்.

நம் மூதாதையர் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்த உத்தம மனஸ்தாபம், இறைவனை நாம் நேசிப்பதன் பொருட்டுப் பாவத்தை வெறுக்கும் மனத்துயரத்தைக் குறிக்கின்றது. தண்டனைக்கு அஞ்சுவதனாலோ பாவத்தின் அருவருப்பை உணர்வதனாலோ பிறக்கும் வருத்தம் அதனிலும் குறைந்ததுதான். எனினும் அதுவும் தூய ஆவியாரின் தூண்டுதலே என்றும், ஒப்புரவு அருட்சாதனத்தை அணுக அது போதுமானது என்றும் திருச்சபை கற்பிக்கின்றது. எனவே, ‘எனக்குச் சரியான மனத்துயரம் வரவில்லையே’ என்று பின்னிற்க வேண்டாம். திருத்தந்தை பிரான்சிஸ், 2013ஆம் ஆண்டு மார்ச் மாதம் தாம் தெரிவுசெய்யப்பட்டபின் மக்களோடு சொன்ன முதலாவது ஞாயிறு மூவேளை செபத்தின்போது, மன்னிப்பதில் இறைவன் களைப்படைவதில்லை, மன்னிப்புக் கேட்பதில் நாமே களைத்துப்போகின்றோம் என்று நினைவூட்டினார். உள்ள நிலையிலேயே வாருங்கள்.

இரண்டாவது கதவு

சிறையிலே இறைவனோடு ஒப்புரவான அலெசாந்திரோ, 27 ஆண்டுகளைச் சிறையில் கழித்து, நன்னடத்தை காரணமாக 1929ஆம் ஆண்டு விடுதலை பெற்றான். சட்டம் கேட்ட விலையைச் செலுத்தியாயிற்று. இறைவனும் மன்னித்துவிட்டார். தன்னை அறியாத ஊரொன்றிலே போய் அமைதியாக வாழ்ந்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் எவரும் அவனைக் குறைகூறியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அவன் தட்டவேண்டிய கதவு இன்னுமொன்று இருந்தது. மரியாவின் தாய் அசுந்தா அப்போது உயிரோடிருந்தார். சொந்த ஊரான கொரினால்டோவுக்குத் திரும்பி, அங்குள்ள பங்குத்தந்தையின் இல்லத்திலே பணிபுரிந்துவந்தார். 1930களில் ஒரு நத்தார் வேளையிலே அலெசாந்திரோ அவ்வூருக்குச் சென்று, அந்த வீட்டின் கதவைத் தட்டி, அந்தத் தாயின்முன் நின்று மன்னிப்புக் கேட்டான்.

அக்கதவு திறப்பதற்கு முன் கழிந்த அந்த ஒருசில நொடிகளை எண்ணிப் பாருங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எந்த முகத்தைச் சந்திக்க அவன் அஞ்சியிருப்பானோ அந்த முகம் கதவின் மறுபுறத்திலே இருக்கின்றது. அவர் கதவை மூடிவிடலாம். சபிக்கலாம். கூக்குரலிட்டு ஊரைக் கூட்டலாம். அத்தனைக்கும் அவருக்கு உரிமை உண்டு. அது தெரிந்தும் அவன் தட்டினான்.

அந்தத் தாய் மன்னித்தார். தன் மகளே மன்னித்தபின், இறைவனும் மன்னித்தபின், தான் எவ்வாறு மறுக்க முடியும் என்பதே அவருடைய பதிலின் சாரம். அந்த நத்தார்த் திருப்பலியிலே, பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அப்பிள்ளையைக் கொன்றவனும் அருகருகே நின்று நற்கருணை உட்கொண்டனர்.

இரக்கம் கேட்கும் ஈடு

தான் மன்னிக்கப்பட்டாயிற்றே என்று அலெசாந்திரோ ஏன் இருந்துவிடவில்லை? இதற்கான விடை சக்கேயுவின் வாழ்வில் இருக்கின்றது (லூக்கா 19:1-10). எரிக்கோ நகரின் செல்வந்தரான அவர் வரிதண்டுவோரின் தலைவர். ஊரார் வெறுத்த மனிதர். திருந்தினால் வருவேன் என்று இயேசு அவரிடம் சொல்லவில்லை. மரத்தின் மேலிருந்தவரைப் பெயர்சொல்லி அழைத்து, அவரது வீட்டில் தங்க வேண்டும் என்றார். இரக்கம் அங்கேயும் முந்திக்கொண்டது. வீட்டினுள் ஆண்டவர் வந்தபின், எவரும் கேளாமலே சக்கேயு எழுந்து நின்று, தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், எவரையாவது ஏமாற்றிப் பெற்றிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவும் அறிக்கையிட்டார்.

இந்த நான்கு மடங்கு எங்கிருந்து வந்தது? தீங்கிழைத்தவர் தம் பாவத்தை அறிக்கையிட்டு, முழுத் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றே எண்ணிக்கை நூல் (5:7) விதித்தது. ஆட்டைத் திருடி அதை அடித்தவனோ விற்றவனோதான் ஒன்றுக்கு நான்காக ஈடு கொடுக்க வேண்டும் என்பது விடுதலைப் பயண நூல் (22:1) கூறும் சட்டம். சக்கேயு தமக்குச் சலுகை தரும் சட்டத்தைத் தேடவில்லை. திருடனுக்குரிய கடுமையான அளவினால் தம்மை அளந்துகொண்டார். உண்மையான மனத்துயரத்தின் அடையாளம் இதுதான். சாக்குப்போக்குச் சொல்ல அதற்கு நேரம் இருப்பதில்லை.

1992ஆம் ஆண்டு திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (1459) இதனையே தெளிவுபடுத்துகின்றது. பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகின்றது. ஆனால் பாவம் விளைவித்த எல்லாக் கேடுகளையும் அது தானாகச் சீர்செய்துவிடுவதில்லை. எனவே திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும், கெடுத்த பெயரைச் சீர்ப்படுத்தவும், காயப்படுத்தியதற்கு ஈடுசெய்யவும் நம்மால் இயன்றதைச் செய்தல் வேண்டும். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளுமாறு மலைப்பொழிவிலே ஆண்டவர் கட்டளையிட்டதும் (மத்தேயு 5:23-24) இதற்காகவே. நாம் இறைவனிடம் செல்லும் வழி சகோதரனின் வீட்டைத் தாண்டியே செல்கின்றது.

நம் வாசல்களை நோக்கி

அன்பார்ந்த இறைமக்களே, இப்போது நம் ஊர்களுக்கு வருவோம். உடன்பிறந்தவர்களுக்கிடையே ஒரு முழ நிலத்துக்காக வேலி தள்ளிப் போடப்பட்டு, அதனால் இரண்டு தலைமுறையினர் ஒருவர் வீட்டு நன்மை தீமைக்கு மற்றவர் போகாமல் இருக்கின்ற குடும்பங்கள் நம் பங்குகளிலே இல்லையா? வெளிநாட்டிலிருந்து சகோதரன் அனுப்பிய பணத்தில் அவனறியாமல் எழுதப்பட்ட காணி உறுதிகள் இல்லையா? சீட்டுப் பிடித்துக் கொடுக்காமல் விட்ட பணம் இல்லையா? ஒரு பெண்பிள்ளையின் திருமணப் பேச்சைக் குழப்பிய மொட்டைக் கடிதங்கள் இல்லையா?

போர்க்காலத்தின் நினைவுகளும் நம்மிடம் உள்ளன. ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, ஆளில்லா வீடுகளிலிருந்து கதவுகளும் யன்னல்களும் தளபாடங்களும் தையல் இயந்திரங்களும் காணாமற்போயின. அவற்றுள் சில இன்னும் யாரோ ஒருவருடைய வீட்டிலே இருக்கின்றன. ஒரு வீட்டுக் கதவை ஆண்டுக்கணக்கில் திறந்து மூடிக்கொண்டு, அது வேறொருவருடைய கதவு என்பதை நாளாந்தம் அறிந்திருப்பது எத்துணை பெரிய பாரம்! அந்நாட்களிலே அச்சத்தினாலோ பகையினாலோ ஒருவரைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு சொல், அவரது குடும்பத்தையே கண்ணீரில் தள்ளியதும் உண்டு. அவையெல்லாம் போர் செய்த வேலை என்று சொல்லி நாம் கைகழுவிவிடலாம். ஆனால் மனச்சாட்சி கைகழுவுவதில்லை.

2015ஆம் ஆண்டு சனவரி மாதம் 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் மடுத் திருப்பதிக்கு வந்தபோது, இத்தகைய காயங்களைச் சுமந்த மக்களின் முன்னிலையிலேயே நின்றார். நாம் எத்தகைய தீமைக்கு உடந்தையாக இருந்தோம் என்பதைச் சிலுவையின் ஒளியில் உணரும்போதே உண்மையான மனத்துயரம் பிறக்கின்றது என்றும், அப்போதே ஒருவரையொருவர் அணுகி மன்னிப்பைக் கேட்கவும் கொடுக்கவும் இயலும் என்றும் அவர் அங்கே எடுத்துரைத்தார். மடு அன்னையின் முன் பாவசங்கீர்த்தனம் செய்யும் நாம், அவ்வார்த்தைகளை அவ்விடத்திலேயே விட்டுவிட்டு வரலாகாது.

எவ்வாறு தட்டுவது?

சிலர் கேட்கலாம்: ‘சுவாமி, நான் தீங்கிழைத்தவர் இறந்துவிட்டார், எங்கே இருக்கின்றார் என்றே தெரியவில்லை, நான் என்ன செய்வேன்?’ அவருடைய பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் செல்லுங்கள். எவரும் இல்லையெனில், அப்பொருளின் பெறுமதியை ஏழைகளுக்குக் கொடுங்கள். அவருடைய ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள். நேரில் நிற்கத் துணிவில்லாவிடில் முதலில் ஒரு மடல் எழுதுங்கள். முழுவதும் ஒரே தடவையில் கொடுக்க வசதியில்லாவிடில் சிறிது சிறிதாகக் கொடுங்கள். நீங்கள் நேரில் செல்வது அவருக்குப் புதிய வேதனையையோ அச்சத்தையோ விளைவிக்கும் என்று கண்டால், உங்கள் ஆன்ம குருவோடு கலந்துபேசி வேறு வழியைத் தேடுங்கள். மன்னிப்புக் கேட்பது நம் மனச்சுமையைத் தூக்கி மற்றவர் தலையில் வைப்பதற்கான வழியாக ஆகிவிடக் கூடாது.

கதவின் உட்புறத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தீங்கிழைக்கப்பட்டவரிடம் போய், ‘நீங்கள் கிறிஸ்தவர், உடனே மன்னித்துவிடுங்கள்’ என்று வற்புறுத்த எவருக்கும் உரிமை இல்லை. அசுந்தாவுக்கு முப்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் இருந்தன. மேலும், அவர் மன்னித்தது தண்டனை நிறைவேறிய ஒரு மனிதனை. இரக்கம் என்பது குற்றத்தை மூடிமறைப்பதன்று. சிறுவர்க்கோ பெண்களுக்கோ இழைக்கப்பட்ட கொடுமையை, மன்னிப்பு என்ற பெயரால் குடும்பத்துக்குள்ளோ பங்குக்குள்ளோ மறைத்துவைப்பது பாதிக்கப்பட்டவரை இரண்டாம் தடவையும் காயப்படுத்துவதாகும். நீதி அதன் வழியே செல்லட்டும். மன்னிப்பு, இறைவன் தரும் நேரத்திலே இறைவன் தரும் வலிமையினாலே வரட்டும். இன்று மன்னிக்க முடியாவிடில், மன்னிக்க விரும்பும் மனத்தையாவது கேட்டுச் செபியுங்கள். அச்செபத்தையும் அவர் ஏற்றுக்கொள்வார்.

நிறைவாக

அலெசாந்திரோ தன் பிற்காலத்தைக் கப்புச்சின் துறவு மடங்களிலே தோட்டவேலை போன்ற எளிய பணிகளைச் செய்து கழித்தார். இதுவரை ‘அவன்’ என்று எழுதிய என் பேனா, இங்கே ‘அவர்’ என்று தானாகவே எழுதிவிட்டது. மரியாவுக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான விசாரணையிலே, தன் குற்றத்தைத் தானே எடுத்துரைத்து அவர் சாட்சி சொன்னார். 1950ஆம் ஆண்டு யூன் 24ஆம் திகதி திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் மரியாவைப் புனிதராக அறிவித்தபோது, தாய் அசுந்தா அவ்விழாவைக் கண்ணாரக் கண்டார். 1961ஆம் ஆண்டு அலெசாந்திரோ எழுதிவைத்த மடலொன்றிலே, தன் தண்டனை தனக்குத் தகுந்ததே என ஏற்றுக்கொண்டு, தான் கொன்ற சிறுமியே தனக்கு வழிகாட்டும் ஒளியாக இருந்ததைக் குறிப்பிட்டார். 1970ஆம் ஆண்டு மே மாதம் மச்செராத்தாவிலுள்ள மடத்திலே அவர் அமைதியாக இறைவனடி சேர்ந்தார்.

அன்பார்ந்தவர்களே! அடுத்த முறை ஒப்புரவு அருட்சாதனத்துக்காக வரிசையில் நிற்கும்போது, பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருவதோடு ஒரு கதவையும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அது எந்த ஊரில் இருக்கின்றது, எந்த ஒழுங்கையில் இருக்கின்றது, அதன் பின்னே யார் வாழ்கின்றார் என்பது உங்களுக்குத் தெரியும். குருவானவர் கை உயர்த்தி மன்னிப்பு வழங்கும் அவ்வேளையிலே இறைவனின் கதவு உங்களுக்காக அகலத் திறக்கின்றது. அங்கே பெற்ற வலிமையோடு மற்றைய கதவை நோக்கி நடவுங்கள். திறப்பதும் திறவாததும் அவர்கள் கையில். தட்டுவது உங்கள் கையில்.

இரக்கத்தின் தந்தையே, எங்களுக்கு முன்பாகவே நீர் மன்னித்துக் காத்திருக்கின்றீர். உம்மிடம் திரும்பிவரத் துணிவையும், நாங்கள் காயப்படுத்தியவர்களிடம் செல்லத் தாழ்ச்சியையும் எங்களுக்குத் தந்தருளும். மருதமடு அன்னையே, எங்கள் நடையிலே எங்களோடு துணைவாரும். ஆமென்.